எந்த வழியா வந்தீங்க?

கரும்பாறைப்பட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாப்பிள்ளை வீட்டார் நேராகப் பெண் ஊருக்குள் நுழைந்துவிட முடியாது. எல்லையிலேயே நிறுத்துவார்கள். பெண் வீட்டு ஆண்கள் வழியை மறித்து நின்று மூன்று கேள்வி கேட்பார்கள்: எந்த நாடு, யாரு வூடு, எந்த வழியா வந்தீங்க.

முதல் இரண்டுக்கும் ஒரே மூச்சில் பதில் வந்துவிடும். கல்வராயன் மலையில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்தது. ஓர் ஓடைக்கும் ஒரு முகட்டுக்கும் நடுவில் முடிந்துவிடும். மலைக்குக் கீழே இருப்பதெல்லாம், சென்னை டெல்லி உட்பட, கீழ்நாடு. மூன்றாவது கேள்விதான் நேரம் பிடிக்கும். மாப்பிள்ளை அடுத்த முகட்டிலிருந்து சாமைக்காட்டைக் குறுக்கே தாண்டி வந்தவனாகவே இருக்கட்டும், பதில் காஞ்சிபுரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சியை விட்டுக் கிளம்பினார்கள். எந்தெந்த ஆற்றைத் தாண்டினார்கள், எந்த மரத்தடியில் சாமியை இறக்கி வைத்தார்கள், எங்கே ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் இந்த மலையில் ஏறி, இங்கே இருந்த வேடர்களிடம் முதலில் தண்ணீர் கேட்டு, பிறகு இடம் கேட்டு, பிறகு பெண் கேட்டு, காட்டைத் திருத்தி நாடாக்கியதுவரை சொல்லி முடித்தால்தான் வழி விடுவார்கள். வழி சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது.

'பொண்ணு கேட்டோம்' என்ற இடம் வந்ததும், பின்னால் நிற்கும் பெண் வீட்டுப் பெண்கள் ஒரே குரலில் எதிர்ப்பேச்சுப் பேசுவார்கள். "வந்தீங்க, வந்தீங்க. நாங்க எங்க போனோம்? இங்கதான இருந்தோம்." ஆண்கள் சிரிப்பார்கள். மத்தளக்காரர் ஒரு அடி அடிப்பார். கதை மேலே போகும்.

அந்தப் பதிலைச் சொல்வதில் மாதனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அவருக்கு அந்த வேலை ஒரு மழையால் கிடைத்தது. அதற்கு முன் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு கல்யாணத்தில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்து, அண்ணன் தம்பிகளைத் திருவண்ணாமலைவரை கூட்டி வந்துவிட்டு, தடம் தவறி மறுபடியும் காஞ்சிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை தொப்பலாக நனைந்து நின்றான். கூட்டத்தில் நின்ற இளவட்டம் மாதன் முன்னால் வந்து, "அண்ணே, நீ அங்கயே இரு. அவங்கள நான் இட்டுக்கினு வரேன்" என்றார். அன்றிலிருந்து எந்த ஊர் மாப்பிள்ளை கிளம்பினாலும் கூடவே மாதனும் கிளம்பினார்.

மற்ற நாட்களில் அவர் எல்லோரையும் போலத்தான். சாமையும் தினையும் விதைப்பார். புளியும் கடுக்காயும் மூட்டை கட்டிக் கச்சிராயபாளையம் சந்தைக்கு இறக்குவார். அவர் பிறந்தபோது மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அவருடைய அப்பா தன் காட்டில் விளைந்ததில் பங்கைத் தானே சுமந்துபோய் ஜாகிர் வாசலில் கொட்டிவிட்டு வருவார். எழுபதுகளின் நடுவில் சர்க்கார் மலையை எடுத்துக்கொண்டது. ரோடு வந்தது, ஜீப் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. மாதனின் கதையிலும் வசதிகள் வந்தன. ஆரம்பத்தில் அண்ணன் தம்பிகள் நடந்துதான் வந்தார்கள். சில வருஷத்தில் குதிரை ஏறினார்கள். மகள் சுபலட்சுமி மலைப் பள்ளிக்குப் போன சமயத்தில் யானைகள் சேர்ந்தன.

"யானைக்கு வழியில இன்னா தீனி போட்டீங்க?" என்று அவருடைய மனைவி சாமியம்மாள் ஒருமுறை கேட்டார்.

"கரும்பு."

"எவன் காட்டுது?"

மாதன் அதைப் பற்றி யோசித்ததில்லை.

சுபலட்சுமிதான் அந்த ஊரில் பிளஸ் டூ முடித்த முதல் பெண். மலைப் பள்ளியில் தங்கிப் படித்துவிட்டு, மேல் வகுப்புகளுக்குக் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலுக்குப் போனாள். சாதிப் பெயர் பற்றிய குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அரசாங்கப் பட்டியலில் அவர்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்பது மாதன் சொல்லும் விளக்கம். கேரளத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஹாஸ்டலில் முதல் நாள், புட்டு செய்யத் தெரியுமா என்று வார்டன் அவளிடம் ஆசையாகக் கேட்டார். தங்களுக்குள் அவர்கள் கவுண்டர் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். கீழ்நாட்டிலும் கவுண்டர்கள் உண்டு. பல வகைக் கவுண்டர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள். ஒரே சொல்லை எல்லோரும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தேழில் சுபலட்சுமிக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது, பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டில். செப்டம்பர் கடைசிக்குள் சேர்ந்துவிட வேண்டும். சேரும்போது புதிதாக வாங்கிய சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மனு போட்டார்கள். விசாரிக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. தனசேகரன் ஜீப்பில் மேலே வந்தார். முப்பது வயது, மூக்குக்கண்ணாடி, மலைப்பாதையில் வயிறு புரட்டிய முகம். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ காலமா இங்க இருக்கீங்க?"

மாதனின் முகம் மலர்ந்தது. "வந்த வழி கேக்கறீங்களா சார்?"

"வழி இல்ல. காலம்."

"வழியச் சொன்னா காலம் தானா வந்துடும் சார்."

கீழ்நாட்டிலிருந்து, அதுவும் பேனாவோடு, ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு மாதன் பார்த்ததில்லை. முழுசாகச் சொன்னார். ஒரு ஆற்றையும் விடவில்லை. யானைகளும் வந்தன. வேடர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். தனசேகரன் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி எழுதிக்கொண்டார். அதைப் பார்த்து மாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. கிளம்பும்போது ஒரு பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

சான்றிதழ் வாங்கக் கீழே போன சுபலட்சுமி வெறும் கையோடு திரும்பினாள். தனசேகரன் எழுதிய அறிக்கையைக் கிளார்க் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார். அவள் அதை மனப்பாடமாகச் சொன்னாள்: "மனுதாரரின் தந்தை தாம் கவுண்டர் என்றும், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து யானைகளுடன் வந்து இம்மலையில் குடியேறியவர்கள் என்றும், ஏற்கெனவே இங்கு வாழ்ந்த மலைவாசிகளிடம் இடம் பெற்றவர்கள் என்றும் கூறுகிறார். எனவே இவர்கள் பழங்குடியினர்தாமா என்பது ஐயத்துக்குரியது."

சாமியம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "ஊமையனுக்கு வாக்கப்பட்டிருந்தா எம்பொண்ணு இந்நேரம் ஊசி போட்டுக்கினு இருப்பா."

"பொய்யா சொன்னேன்?" என்றார் மாதன்.

"யானை?"

"யானைய வுடு. மத்ததுல எது பொய்யி?"

"பொய்யின்னு யார் சொன்னா? அந்தாளு காலம் கேட்டா காலத்தச் சொல்லணும். கண்ணாலத்துக்கு வந்தவன் மாதிரி அவனுக்கு வழி சொல்லிக்கினு இருந்தியே."

மறுநாள் விடிந்ததும் மாதனும் சுபலட்சுமியும் இறங்கினார்கள். அந்த வாரம் கீழ்நாட்டில் சாலைகள் ஓடவில்லை. கீழ்நாட்டுக் கவுண்டர்களில் ஒரு சாரார் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்க மறியல். மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சில இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். மலைப் பஸ் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்தே கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் போய்ச் சேர்ந்தால், தாசில்தார் இல்லை. கலவரக் காவலுக்காக உளுந்தூர்பேட்டையில் முகாம். எப்போது திரும்புவார் என்று கேட்டால், மரம் வெட்டுகிறவர்களைக் கேளுங்கள் என்றார் பியூன்.

வாசலில் தனசேகரன் ஒரு சைக்கிளில் அரிசிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். கைலி கட்டியிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். அவசரக் கோப்புகளை முகாமுக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. ஜீப்பை எடுத்தால் கொளுத்திவிடுவார்கள் என்று கோப்புகளைச் சாக்கில் போட்டு, மேலே கொஞ்சம் கத்தரிக்காயைக் கொட்டியிருந்தார்.

மாதனைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "நீ சொன்னதத்தான்யா எழுதினேன். ஒரு வார்த்த நானா சேக்கல."

"நல்லா எழுதியிருக்கீங்க சார். பாப்பா அப்படியே ஒப்பிச்சா."

தனசேகரன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்துவந்து கத்தரிக்காய்க்கு அடியில் செருகினார். "வாங்க. தாசில்தார் கிட்ட நீயே சொல்லு."

மூன்று பேரும் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் குறுக்குப் பாதையில் ஒரு டிராக்டர், மறுபடியும் நடை. எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை படுத்திருந்தது. அதன் மேலும் கீழும் நிறைய ஆட்கள். ஓரத்தில் அண்டாவில் கஞ்சி கொதித்தது. துண்டைத் தலையில் கட்டிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்து மறித்தார். அவர் பெயர் சுப்புராயன் என்பதும், கிணறு வற்றிப்போன விவசாயி என்பதும் பிறகு தெரிந்தது.

"யாருய்யா? எங்க போய்க்கினு இருக்கீங்க?"

"உளுந்தூர்பேட்டைங்க" என்றார் மாதன்.

"இன்னா ஆளுங்க?"

தனசேகரன் சைக்கிளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அவர் கை சாக்கின் மேல் இருந்தது. மாதன் சாதாரணமாகச் சொன்னார். "கவுண்டருங்க."

"இவரு?"

"இவரும்தான். பங்காளி."

சுப்புராயன் தனசேகரனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிக் குரல் கொடுத்தார். "நம்ம ஆளுங்கதான். மூணு பேருக்குக் கஞ்சி ஊத்து."

அப்பாவை முறைத்துக்கொண்டே சுபலட்சுமி உட்கார்ந்தாள். எந்தச் சொல்லால் தாலுகா ஆபீஸ் கதவு மூடியதோ, அதே சொல்லுக்கு இங்கே தொன்னையில் கஞ்சியும் ஊறுகாயும் வந்தன.

"பொண்ணு படிக்குதா?" என்று கேட்டார் சுப்புராயன்.

"நர்சுக்குப் போவுதுங்க."

"பாத்துக்கோ. எங்க ஊர்ல ஒரு பொண்ணு நர்சு கெடயாது. அதுக்குத்தான் இந்த மரம் கீழ கெடக்குது."

மாதன் மரத்தைப் பார்த்தார். கிளையெல்லாம் பிஞ்சு. "காய்க்கிற மரம். மாசி வரைக்கும் வுட்டிருந்தா உலுக்கிட்டு வெட்டியிருக்கலாம்."

"போராட்டத்த மாசிக்குத் தள்ளி வெக்கச் சொல்றியா?" என்றார் சுப்புராயன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நீ எந்தப் பக்கத்துக் கவுண்டரு? பேச்சு ஒரு மாதிரி கீதே."

சுபலட்சுமி அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். அதற்குள் மாதன் சொல்லிவிட்டார். "மலைங்க. வெள்ளிமலைக்கு அந்தாண்ட."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மலையாளியா நீ?" என்றார் சுப்புராயன். கோபம் என்று சொல்ல முடியாது. சந்தையில் விலை கேட்டு ஏமாந்தவர் குரல். "ஒங்களுக்குத்தான் குடுத்துட்டாங்களேய்யா. நாங்க மரத்த வெட்டிக் கேக்கறத நீ மலை மேல உக்காந்துகினே வாங்கிட்ட."

"வாங்கலங்க. வாங்கத்தான் போய்க்கினு இருக்கோம்."

கஞ்சி ஊற்றியவர்களிடம் மறைக்க மாதனுக்கு மனசு வரவில்லை. ஆர்.ஐ. வந்தது, காலம் கேட்டது, தான் வழி சொன்னது, யானைகள், எல்லாவற்றையும் சொன்னார். ஆர்.ஐ. எங்கே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். பாதியிலேயே சுப்புராயன் தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்களுக்கும் பெரிய கத கீது. நாங்க நெருப்புல பொறந்தவங்க."

மாதன் தொன்னையைக் கீழே வைத்தார். தொழில் ஆர்வம். "நெருப்புலயா? எந்த வழியா வந்தீங்க?"

"நெருப்புக்கு இன்னாய்யா வழி? அப்படியே வந்தோம். அத வுடு. நாளைக்குக் கமிஷன்காரன் வந்து கேட்டா, நாங்க நெருப்பெல்லாம் எடுக்க மாட்டோம். கூரை ஒழுவுது, கெணறு வத்திப்போச்சி, புள்ளைங்க மாடு மேய்க்குதுங்க, அவ்ளோதான். கண்ணாலத்துல சொல்ற கத வேற, தாலுகா கச்சேரியில சொல்ற கத வேற. எவனாவது ஆர்.ஐ. கிட்டப் போயி யானை ஓட்டுவானா? அந்த ஆர்.ஐ. எப்பேர்ப்பட்ட ஆளு, அதையும் உக்காந்து எழுதிக்கினு போயிருக்கான் பாரு."

"நல்ல மனுசன்தாங்க" என்றார் மாதன்.

தனசேகரனுக்குக் கஞ்சி புரையேறியது. சுப்புராயனே அவர் தலையில் தட்டிவிட்டார். சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தவரும் அவர்தான்.

கூட்டம் கண்ணுக்கு மறையும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பிறகு தனசேகரன் கேட்டார். "நான் இன்னா சாதின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்பறம் எப்படிப் பங்காளின்ன?"

"கேட்டாங்க, சொன்னேன். அவங்க இன்னா எழுதிக்கவா போறாங்க?"

உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை நெடுக லாரிகள் வால் பிடித்து நின்றன. டிரைவர்கள் வண்டிக்கடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரியில் தக்காளி அழுகி, தண்ணீராக ஒழுகி, ரோடு சிவந்திருந்தது. பயணியர் விடுதியில்தான் தாசில்தார் முகாம். தாசில்தார் கண்ணாயிரம் சில நாள் தாடியோடு, தூக்கம் கெட்ட கண்களோடு கோப்பைப் பிரித்தார். அவரைச் சுற்றி போலீஸும் வயர்லெஸ்ஸும்.

"யானையா?" என்று நிமிர்ந்தார். "எத்தினி?"

மாதனின் வாய் திறந்தது. "அப்பா" என்றாள் சுபலட்சுமி. மூடிக்கொண்டது.

கண்ணாயிரம் பென்சிலால் கோப்பைத் தட்டினார். "பட்டியல்ல மலையாளி இருக்குது. நம்ம தென்னாற்காடு மாவட்டமும் இருக்குது. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்த ரிப்போர்ட்டும் ஃபைல்ல இருக்குதே. சமவெளிலேருந்து குடியேறுனேன்னு ஒருத்தன் தன் வாயால சொல்லியிருக்கான், அவனுக்கு எப்படிக் குடுத்தேன்னு நாளைக்கு எவனாவது என்னக் கேப்பான். ஒண்ணு செய்யி. புதுசா ஒரு வாக்குமூலம் குடு. முன்னால சொன்னது வெறுங்கத. நாங்க எங்கேருந்தும் வரல, தொன்றுதொட்டு இங்கதான் இருக்கோம். கையெழுத்து போடு, இப்பவே சான்றிதழ் தரேன்."

தனசேகரன் எழுதினார். படித்துக் காட்டினார். பேனாவை நீட்டினார்.

மாதன் வாங்கிக்கொண்டார். ஆனால் போடவில்லை. யானையைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அது அவர் சேர்த்ததுதான். ஆற்றையும் மரத்தடியையும் தாண்டி வந்து நின்ற அந்த மூன்று பேரை அவர் சேர்க்கவில்லை. அவர்களை நம்பித்தான் எத்தனையோ மாப்பிள்ளைகளை எல்லை தாண்டி உள்ளே அழைத்துப் போயிருந்தார். எங்கேயிருந்தும் வராதவன் எல்லையிலேயே நிற்க வேண்டியவன்.

"யானைய எடுத்துடறேன் ஐயா. குதிரையும் வேணாம். நடந்து வந்தோம்னு போட்டுக்கலாங்களா?"

"வந்தோம்ன்ற வார்த்தையே ஆவாது."

வெளியே வயர்லெஸ் கரகரத்தது. எங்கோ ஒரு பாலத்தில் கூட்டம். கண்ணாயிரம் எழுந்து செருப்பை மாட்டினார். "நான் வரதுக்குள்ள முடிவு பண்ணு. இன்னிக்கி வுட்டா அப்பறம் எப்பன்னு எனக்கே தெரியாது."

ஜீப் போய்விட்டது. மாதன் பேனாவைப் பிடித்தபடி நின்றார். தனசேகரன் கத்தரிக்காய்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"போடாட்டி போவட்டும்" என்றாள் சுபலட்சுமி. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். சாமியம்மாளின் அண்ணன் மகனுக்கு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் படிக்கப் போகாவிட்டால் தையில் கல்யாணம்.

பிறகு அவளே கேட்டாள். "அம்மா ஊர்ல, பொண்ணு கேட்டோம்னு நீ சொன்னதும் பொம்பளைங்க இன்னா சொல்லுவாங்க?"

"அது கிண்டலுக்குச் சொல்றது."

"வந்தீங்க, வந்தீங்க. நாங்க எங்க போனோம்? இங்கதான இருந்தோம்."

அவள் அதைப் பாட்டாக இழுக்கவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். எத்தனையோ கல்யாணத்தில் மாதன் கேட்ட பேச்சு அது. மத்தளம் இல்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது பொய்யா?" என்றாள்.

மாதன் யோசித்தார். தண்ணீர் கொடுத்தவர்கள் யாரோ இருந்திருக்கிறார்கள். இடம் காட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். காஞ்சியிலிருந்து மூன்று ஆண்கள் வந்தார்கள். ஒரு பெண்ணும் வந்ததாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

"பொய்யில்ல."

"அப்ப அதுக்குப் போடு."

கண்ணாயிரம் சட்டையெல்லாம் புழுதியாகத் திரும்பி வந்தார். மாதன் மேசைக்கு அருகில் போனார். "எங்க பொம்பளைங்க எங்கேருந்தும் வரல ஐயா. அது நெசம். வந்தது ஆம்பளைங்கதான். அப்படிப் பிரிச்சிப் போட்டுக்கலாங்களா?"

கண்ணாயிரம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று தோன்றியது. "பிரிச்சா இன்னொரு விசாரணை வரும். வெறுங்கதன்ற வரிய அடிச்சிடறேன். 'நாங்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர்'னு மட்டும் இருக்கட்டும். அந்த நாங்கள் யாருன்னு உனக்குத் தெரிஞ்சா போதும்."

மாதன் கையெழுத்துப் போட்டார். கண்ணாயிரம் சான்றிதழில் முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தார். அடுத்தவர் கோப்பு மேசைக்கு வந்துவிட்டது.

சுபலட்சுமி மாதம் முடியும் முன் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். மறியல் ஓய்ந்து, மரங்களை அறுத்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த சில வருஷங்களில் சுப்புராயன் ஆட்கள் கேட்டதில் ஒரு பங்கு கிடைத்தது. பழங்குடியினருக்கும் தனியாக ஒரு விழுக்காடு ஒதுக்கினார்கள். மாதனுக்கு வந்த சிக்கல் வேறு. அவர் மலை ஏறுவதற்கு முன்பே செய்தி ஏறியிருந்தது. எங்கேருந்தும் வரலன்னு மாதன் கையெழுத்து போட்டுட்டானாம்.

தை மாதத்தில் அவருடைய தம்பி மகனுக்குக் கல்யாணம். பெண், சாமியம்மாள் பிறந்த ஊர். மாப்பிள்ளை வீட்டோடு நடந்து வந்த சாமியம்மாள், எல்லை வந்ததும் பிறந்த வீட்டு உரிமையில் அந்தப் பக்கம் போய்ப் பெண்களோடு நின்றுகொண்டார். சுபலட்சுமி விடுமுறையில் வந்திருந்தாள். அவளும் அம்மாவோடு போய்விட்டாள்.

எந்த நாடு என்று கேட்டார்கள். சொன்னார். யாரு வூடு என்று கேட்டார்கள். சொன்னார். எந்த வழியா வந்தீங்க என்று கேட்டதும் பெண் வீட்டில் ஒருவர் குரல் கொடுத்தார். "அவர இன்னாத்துக்குக் கேக்கற? அவருதான் வரவே இல்லியே."

சிரிப்பு எழுந்து அடங்கியது. மாதன் சொல்லத் தொடங்கவில்லை. தோளில் துண்டை மாற்றிப் போட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காஞ்சிபுரம் என்று எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. மத்தளக்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை கால் மாற்றி நின்றான். தூறல் போட ஆரம்பித்தது.

"பெரியப்பா, நனையறேன்" என்றான்.

அப்போது சாமியம்மாள் குரல் வந்தது. கதையின் நடுவில் வர வேண்டிய பேச்சு முதலில் வந்தது. "நாங்க எங்கயும் போவல. இங்கதான் இருந்தோம். நீங்க எங்கேருந்து வந்தீங்க?"

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

மாதன் ஓரடி முன்னால் வந்தார். "நான் கையெழுத்து போட்டது ஒங்க பக்கத்துக்கு" என்றார் பெண்களைப் பார்த்து. "எங்க பக்கத்துக்கு எவனும் கையெழுத்து கேக்கல." பிறகு காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கினார்.

மூன்று பேரும் அன்று நடந்தே வந்தார்கள். ஆறுகள் அத்தனையும் இருந்தன. மரத்தடி இருந்தது. தண்ணீர் கேட்ட இடத்தில் யார் கொடுத்தார்கள் என்று ஒரு வரி புதிதாக இருந்தது. வேடர்கள் கும்பிடவில்லை. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே மலைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அன்றிலிருந்து பெண்கள் பேச்சுத்தான் முதலில்.

மாப்பிள்ளையை உள்ளே விட வழியைத் திறந்தபோது, முதலில் குரல் கொடுத்த அதே ஆள் கேட்டார். "இன்னா மாதா, யானையக் காணோம்?"

"அத ஆர்.ஐ. எழுதிக்கினு போயிட்டாரு" என்றார் மாதன்.